சம்பந்திகள் தோட்டக்காரர் தேடிய காதை

அரிசி மணியினும் சிறிய சக்கரங்களை ஆணையிட்டுச் சுழல வைப்பவரும், நின்றுபோன நேரத்தை மூச்சடக்கிக் குனிந்து மீண்டும் நடக்க விடுபவரும், வலக்கண்ணில் கரிய குழல்வில்லையைப் பொருத்திய நிலையிலும் இடக்கண்ணால் வாடிக்கையாளரின் முகத்தைப் படித்துவிடும் இருதிறப் பார்வையரும், இடுக்கியே வாளாக, எண்ணெய்ப்புட்டியே கேடயமாக, ஒருவர் அமர்ந்தால் மற்றவர் நிற்க வேண்டிய கடையே கோட்டையாகக் கொண்டவரும், கீழைக் கட்டடத்து இரண்டாம் மாடியின் தனிப்பெருந் தலைவரும், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருமாகிய கடிகாரக்காரர் வாழ்க! அவர் தும்மல் வாழ்க. அத்தும்மலில் மேசையை விட்டுப் பறந்து மறைந்த திருகாணிகள் எங்கிருப்பினும் வாழ்க. சொல்லின் செல்வியே, இப்பெருங்காதையை உரைக்கும் நாவில் வந்து அமர்வாயாக. புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசைக்கு வெருண்டு பாதியில் எழுந்து போகாதிருப்பாயாக.

அப்பெருமகனார் செயலாளர் பதவியை வாளால் வென்றாரல்லர், வாக்கால் வென்றாரல்லர். சங்கக் கூட்டம் நடந்த மாலையில் தொலைபேசி அழைக்க, பேசுவதற்காகத் தூண்மறைவுக்குச் சென்றார். திரும்பி வந்தபோது ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மறுக்கத் திறந்த வாயைக் கைதட்டல் மூடியது. ஆயினும், ஏற்றபின் அப்பதவியின்மேல் அவருக்கு ஆசை பிறந்தது என்பதை மறைத்தல் முறையன்று. படிக்கட்டில் எவரேனும் 'செயலாளர் ஐயா' என்று விளித்தால், அவர் தோள்கள் அவரறியாமல் பின்வாங்கும், நெஞ்சு முன்னே வரும்.

கீழைக் கட்டடத்துக்கும் மேலைக் கட்டடத்துக்கும் நடுவே கிடந்தது பொதுத்தோட்டம். பொது என்ற சொல்லுக்கு எல்லார்க்கும் உரியது என்று அகராதி பொருள் சொல்லலாம். அக்குடியிருப்பில் அதற்கு எவரும் தண்ணீர் ஊற்றாதது என்று பொருள். நெடுங்காலம் அதனைப் பேணிவந்த தோட்டக்காரர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டோடு போய்விட்டபின், பச்சைப் படைகள் எல்லாத் திசையிலும் கலகக்கொடி ஏற்றின. புல் முழங்காலைத் தொட்டது. செம்பருத்தி வேலி தோள் புடைத்து நடைபாதையின்மேல் சாய்ந்து, போவோர் வருவோர் கன்னத்தையெல்லாம் தடவியது. காகிதப்பூக்கொடி முதல் மாடித் தையற்காரம்மாவின் சமையலறைச் சன்னலுக்குள் ஒற்றன்போல நுழைந்து, சுவரில் தொங்கிய கரண்டியைச் சுற்றி வளைத்துச் சிறைபிடித்தது. அம்மையார் உள்ளிருந்து இழுக்க, கொடி வெளியிலிருந்து இழுக்க, நெடிய போருக்குப்பின் கரண்டி வளைந்த உடலோடு வீடு திரும்பியது. தோட்டத்து நடுவில் இருந்த பெஞ்சை, இருக்குமிடம் அறிந்தவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெஞ்சு சாமானியமான பெஞ்சன்று. மாலைதோறும் கடிகாரக்காரரும் அவருடைய சம்பந்தியும் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து உலகத்தைத் திருத்திய அரியணை அது.

சம்பந்தியின் பெருமையையும் இவ்விடத்தே பகர வேண்டும். மேலைக் கட்டடத்துத் தரைத்தளத்தில் வாழ்ந்த அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். தம் காலடியிலும் ஒரு பிரேக் பொருத்திய வண்டியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவராதலால், எவர் எதைப் பேசினாலும், பேச்சு தமக்கு ஒவ்வாத திருப்பத்தை நெருங்கும்போது அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். நேர்கோட்டை நேசித்தவர், கட்டைச்சுவரை உரசாத வாழ்வே நல்வாழ்வு என்பது அவர் கொள்கை. அவர் மகனுக்குக் கடிகாரக்காரரின் ஒரே மகள் மனைவியானாள். புகுந்த வீட்டுக்குச் சீர் சாமான்களை வண்டியில் ஏற்றாமல், தோட்டத்தின் குறுக்கே கையிலேயே தூக்கிக்கொண்டு போன மணமகள் அவள். மணம் முடிந்த வாரம், அம்மகிழ்ச்சியின் நினைவாக, சம்பந்தி தம் வீட்டுப் படியருகே தம் கையாலேயே ஒரு ரோஜாச்செடி நட்டார். அது வளர்ந்து பூத்தபோது முதற் பூவைப் பறித்து மருமகளிடம் கொடுத்தார் என்பதும், அதனைக் கீழைக் கட்டடத்து மாடியிலிருந்து கண்ட கடிகாரக்காரர் கண் கசிந்து, தூசி என்று மனைவியிடம் சொன்னார் என்பதும் அக்குடியிருப்பு அறிந்த செய்திகள்.

இனிப் போர் மூண்ட விதம் கேளீர். கரண்டி வளைந்த செய்தி பரவியதும் சங்கம் கூடியது. புதிய தோட்டக்காரரை அமர்த்தும் பொறுப்பைச் செயலாளரின் தலையில் ஏற்றி வைத்து, அவரவர் எழுந்து போயினர். சம்பந்தி மட்டும் நின்று, தம்மிடம் வண்டியோட்டக் கற்றவர் ஒருவரின் சித்தப்பா கைதேர்ந்த தோட்டக்காரர் என்றும், நாளைக்கே வரச் சொல்வதாகவும் உரைத்தார். செயலாளர் மகிழ்ந்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் நெஞ்சில், கடிகாரத்துள் புகுந்த மணல்துகள்போல், 'செயலாளர் நானா, அவரா?' என்னும் எண்ணம் ஒன்று புகுந்து நெருடியது.

சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளேற்றி, புற்கடலின் நடுவே யானைமேல் வந்த வேந்தன்போல் நின்றார். அந்நிலையில் இரு கட்டடத்துச் சன்னல்களும் ஒருங்கே திறந்தன. கொடியை வேரோடு அறுக்குமாறு தையற்காரம்மா முழங்கினார். கொடிதான் தம் வீட்டுக்கு நிழல், அதில் கை வைத்தால் வழக்கு நடக்கும் என்று மேல்மாடி வக்கீல் முழங்கினார். வேலியை இடுப்பளவு வெட்ட வேண்டும் என்றது ஒரு குரல், ஆள் உயரம் விட வேண்டும் என்றது மற்றொன்று. சித்தப்பா ஒவ்வொரு குரலுக்கும் திரும்பித் திரும்பி, பம்பரமாகிப் போனார். அவ்வமயம் கடிகாரக்காரரும் மாடியில் தோன்றி, தம் பங்குக்கு ஓர் ஆணையைக் கீழே இறக்கினார்: எல்லாவற்றுக்கும் முன்னே பெஞ்சைச் சுற்றிச் சுத்தம் செய்க. ஆணை நியாயமானதே. ஆயினும் நிறைந்த கோப்பையில் கடைசித் துளி அதுவே ஆயிற்று. சித்தப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னார்:

"முதல்ல நீங்க எல்லாரும் பேசி முடிங்கய்யா. நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

போனவர் வந்தாரில்லை. சம்பந்தி படியில் நின்று, வாயிற்கதவையும் கடிகாரக்காரரின் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கால் படியை அழுத்தியது.

இனி இரண்டாம் வீரர். இவரைக் கொணர்ந்தவர் கடிகாரக்காரர். கைக்கடிகாரத்துக்குப் பட்டை மாற்ற வந்த இளைஞர், இயந்திரத்தால் புல் வெட்டுவது தம் தொழில் என்று சொல்லக் கேட்டு, அவரே அருளப்பட்டவர் என்று துணிந்தார் நம் தலைவர். முன்னர் நேர்ந்த பிழை மீண்டும் நேராவண்ணம், குடியிருப்பு உறங்கிக் கிடந்த விடுமுறைக் காலையில், எவரிடமும் சொல்லாமல் இளைஞரை வரவழைத்தார். தோட்டம் முழுவதும் மட்டமாக வெட்டுமாறு ஒரே சொல்லில் கட்டளையிட்டு, வெற்றிப் பெருமிதத்தோடு மாடியேறி, பல் துலக்கப் போனார்.

அந்தோ, அவர் பல் துலக்கிய அச்சிறுபொழுதில் நிகழ்ந்ததை எங்ஙனம் உரைப்பேன்? இடிமுழக்கத்தோடு எழுந்த அவ்வியந்திரம், ஆயிரம் நாவுடைய அரக்கன் பச்சை வயலில் பாய்ந்ததுபோல் பாய்ந்து, புல்லென்றும் பூவென்றும் பாராமல், தளிரென்றும் தண்டென்றும் இரங்காமல், மேலைக் கட்டடத்துப் படிவரை சென்று, படியருகே நின்ற ரோஜாவையும் மட்டம் செய்தது. இளைஞர்மேல் குற்றமில்லை, மட்டமாக என்றுதானே அவருக்குச் சொல்லப்பட்டது?

ஓசை கேட்டு வெளியே வந்த சம்பந்தி, தரையோடு தரையாகக் கிடந்த இதழ்களைக் கண்டார். ஈரக்கையோடு ஓடி இறங்கிய கடிகாரக்காரரைக் கண்டார். வசைமாரி பொழிந்திருந்தால் நம் தலைவர் குடைபிடித்துத் தப்பியிருப்பார். சினந்து கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி, மாலைக்குள் தேநீர் குடித்திருப்பார். சம்பந்தியோ, சம்பந்திகளின் படைக்கொட்டிலில் உள்ள கருவிகளிலெல்லாம் கொடியதாகிய, மாற்றுக் கணை இல்லாததாகிய, எய்தவர் அமைதியாக வீட்டுக்குள் போய்விட எய்யப்பட்டவர் காலமெல்லாம் துடிக்க வேண்டியதாகிய அம்மாபெரும் கணையைத் தொடுத்தார்.

"பரவாயில்லைங்க, செயலாளர் சார்."

பரவாயில்லை என்ற முனை ஒருபுறம் தைத்தது. சம்பந்தி என்று அழைத்துவந்த வாய் செயலாளர் என்றது மறுபுறம் தைத்தது. கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. கடிகாரக்காரர் வருத்தம் சொல்ல வாயெடுத்தார். வாய்க்குள் அப்போது பற்பசை நுரை இருந்தது. விழுங்கிவிட்டுப் பேசலாம் என்று நினைத்தார். விழுங்கியபோது நேரம் கடந்திருந்தது.

அன்றுமுதல் பெஞ்சு வெறிச்சோடியது. மாலை வேளையில் ஒருவர் கீழைக் கட்டடத்து மாடியில் தேநீர் அருந்தினார். மற்றவர் மேலைக் கட்டடத்துச் சன்னலில் அருந்தினார். கண்ணும் கண்ணும் தற்செயலாகச் சந்தித்தால் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று ஆராய்ந்தனர். கடையிலும் நம் தலைவருக்கு நிம்மதியில்லை. பிரித்த கடிகாரத்தைப் பூட்ட மறந்து, பூட்டிய கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். போய் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி கேட்டார். முதலில் அவர்தானே சித்தப்பாவைக் கொண்டுவந்தார் என்று தலைவர் தொடங்க, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மனைவி கேட்க, தலைவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன் மதில் எழுப்பினார்.

இவ்விரு பெருமலைகளுக்கும் நடுவே அகப்பட்டவள் மகள். மருத்துவமனையில், மடங்க மறுத்த முழங்கால்களை மடங்க வைப்பதும் தூக்க மறுத்த தோள்களைத் தூக்க வைப்பதும் அவள் தொழில். பிசியோதெரபிஸ்ட் என்ற நீண்ட பெயர் அத்தொழிலுக்கு உண்டு. மாமனார் அவளிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. 'அப்பா சௌக்கியமா' என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவளே ஒரு மாலை தோட்டத்தைக் கடந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். தந்தையின் முன்னிருந்த செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தாள்.

"செடி போச்சு, வேற வச்சுக்கலாம்ப்பா. ஆனா உங்க பேரை எடுத்தா அங்க பேச்சு நின்னுடுது. மாமா பேரை எடுத்தா இங்க நின்னுடுது. நான் எந்த வீட்டுல உக்காந்து என்ன பேசறது?"

அவள் போனபின் தலைவர் மாடியில் நின்று, மகள் தோட்டத்தின் குறுக்கே தனியே நடந்து போவதைப் பார்த்தார். மட்டமாக வெட்டப்பட்ட புல் அதற்குள் கணுக்காலளவு வளர்ந்திருந்தது.

மீண்டும் சங்கம் கூடியது. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அணிவகுத்தன. கீழைக் கட்டடத்தார் ஒருபுறம், மேலைக் கட்டடத்தார் மறுபுறம், இடையே ஓர் ஆள் நடக்க வழி. இனித் தோட்டமே வேண்டாம், சிமெண்டு பூசிவிடலாம் என்று வக்கீல் முன்மொழிந்துகொண்டிருந்த வேளையில், பின்னால் மண்வெட்டியும் கடப்பாரையும் கட்டிய மொபெட் ஒன்று, போர்க்களத்துட் புகும் ஒற்றைக் குதிரை வீரன்போல் இரு அணிகளுக்கும் நடுவே வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றினார் ஒரு நடுவயதுப் பெண்மணி. தெருவில் போகும்போது தோட்டத்தின் கோலம் கண்ணில் பட்டதாம். ஆள் வேண்டியிருக்கும் என்று தோன்றியதாம். எவரும் உட்காரச் சொல்லவில்லை; அவரே ஒரு நாற்காலியை இழுத்து, வழியை அடைத்துப் போட்டு அமர்ந்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமி, முன் அனுபவம் எவ்வளவு என்று கம்பீரமாக வினவினார். பெண்மணியோ, வேலை தெரியாமலா கடப்பாரையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள் என்று அதனைத் தள்ளிவிட்டு, தாம் இதற்குமுன் வேலைபார்த்த குடியிருப்புகளை விட்டு ஏன் வந்தார் என்பதை, கேட்பார் எவரும் இல்லாதபோதும், கைகளை ஆட்டி விரிவாகச் சொன்னார். ஓரிடத்தில் அண்ணன் நடச் சொன்னதைத் தம்பி பிடுங்கச் சொன்னானாம். இன்னோரிடத்தில் கணவன் வாயிலில் நின்று ஒன்று சொல்ல, மனைவி சன்னலில் நின்று வேறொன்று சொன்னாளாம். பிறகு இரு அணிகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தம் நிபந்தனையைப் பறையறைந்தார்.

"எனக்கு உத்தரவு ஒரு வாய்தான் சொல்லணும். ரெண்டாவது வாய் தொறந்துச்சுன்னா நான் வண்டியை எடுத்துருவேன். எந்த வாய்ன்னு இப்பவே சொல்லிடுங்க."

எல்லார் கண்ணும் செயலாளர்மேல் திரும்பின. பின் சம்பந்திமேல் திரும்பின. மீண்டும் செயலாளர்மேல் வந்தன. சம்பந்தியின் கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது.

ஆ, அக்கணத்தில் கடிகாரக்காரரின் நெஞ்சகத்தே நிகழ்ந்த போருக்கு முன் மற்றப் போர்கள் எம்மாத்திரம்! ஒருபால் 'நான்' என்னும் சொல் தேரேறி வந்தது. அதன் கொடியில் செயலாளர் என்ற எழுத்துகள் மின்னின. படிக்கட்டில் கேட்ட விளிகள் எல்லாம் அதற்குப் படையாக வந்தன. மறுபால், தேரில்லை, கொடியில்லை, புல்வெளியில் தனியே நடந்துபோன ஒரு பெண்ணின் முதுகு மட்டும் நின்றது. தலைவர் எழுந்தார். நாற்காலி பின்னே சரிந்தது. அவர் குரல், சிறிய திருகாணியைத் தேடும்போது வரும் குரல்போல், தாழ்ந்து வந்தது.

"சம்பந்தி சொல்லட்டும். அவருக்குத்தான் செடியோட அருமை தெரியும். அந்த ரோஜா விஷயத்துல நான் அன்னைக்கே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். கேக்கல. இப்பக் கேக்கறேன்."

கீழைக் கட்டடத்து அணி திகைத்தது. தையற்காரம்மா முந்தானையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். சம்பந்தியும் எழுந்தார். அவர் கால் தரையை விட்டு எழும்பியது, முகம் இளகியது, அவர் வாயிலிருந்து நெடுநாள் வராத சொல் வந்தது. 'சம்பந்தி' என்றார். சித்தப்பாவை அன்று அப்படிப் பம்பரமாக விட்டது தம் தவறும்தான் என்றார். அத்தோடு அமர்ந்திருக்கலாம். ஆனால் பெருந்தன்மையில் தோற்பது அவர் குலத்தில் இல்லை. செயலாளர் இருக்கும்போது தாம் உத்தரவு சொல்வது முறையா, நீங்களே சொல்ல வேண்டும் என்றார். அதெப்படி, நீங்கள்தான் என்றார் கடிகாரக்காரர். உங்கள் முன்னே நானா என்றார் சம்பந்தி. நீங்கள் சொன்னால் நான் சொன்னமாதிரி என்றார் இவர். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வாயே திறக்கமாட்டேன் என்றார் அவர். பகையால் மூண்ட போர் என்றேனும் ஓயும். மரியாதையால் மூண்ட போருக்கு முடிவேது? இரு யானைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்று வாயிலையே அடைத்துக்கொண்டதுபோல், இருவரும் கைகூப்பி நின்றனர். இரு அணிகளும் தத்தம் தலைவர்க்குப் பரிந்து, எதிரணித் தலைவரே சொல்லட்டும் என்று ஆர்ப்பரித்தன.

பெண்மணி சிறிதுபொழுது பார்த்தார். பிறகு தலைக்கவசத்தை மாட்டினார். மொபெட்டை உதைத்தார், அது இருமியது, கிளம்பியது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மகள், தோளில் பையோடு, அந்நேரம் வாயிற்கதவைத் திறந்தாள். கூப்பிய கைகளோடு நின்ற தந்தையையும் மாமனாரையும் பார்த்தாள். உறுமும் மொபெட்டைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று தையற்காரம்மா இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மகள் போய் மொபெட்டின் முன் நின்று, அதன் கைப்பிடியில் கை வைத்தாள். அன்று எத்தனையோ முழங்கால்களை மடக்கிக் களைத்திருந்த கை அது.

"அக்கா, நான் சொல்றேன். இவங்க ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லுவாங்க. நான் உங்ககிட்ட சொல்றேன்."

"நீ யாரும்மா?"

"அவருக்குப் பொண்ணு. இவருக்கு மருமக."

பெண்மணி கவசத்துக்குள்ளிருந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ரெண்டு பக்கத்துத் திட்டும் உனக்குத்தான்."

"பழக்கம்தான்."

மொபெட்டின் உறுமல் அடங்கியது. தலைக்கவசம் மீண்டும் கழன்றது. நாளைக் காலை வருவதாகச் சொல்லி, கடப்பாரையை எங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்று பெண்மணி அவளிடமே கேட்டார். அவள் படிக்கட்டுக்கு அடியில் என்றாள். முதல் உத்தரவு அங்ஙனம் பிறந்து அங்ஙனமே நிறைவேறியது. செயலாளரும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் வாய்திறந்தனர். மகள் திரும்பிப் பார்த்தாள். இரு வாய்களும் ஒரே நேரத்தில் மூடின. வக்கீலின் சிமெண்டு, பேச்சளவிலேயே காய்ந்து போயிற்று. அம்மாலை, கணுக்காலளவு புல்லை மிதித்துக்கொண்டு இரு பெருமக்களும் பெஞ்சுக்குப் போய் அமர்ந்தனர். புதிய ரோஜாவை எந்த இடத்தில் வைப்பது என்று கடிகாரக்காரர் மெல்லக் கேட்க, அதை மருமகளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சம்பந்தி மெல்லச் சொல்ல, இருவரும் தேநீரை உறிஞ்சினர்.

மறுநாள், கீழ்வானம் வெளுக்குமுன்னே இரு கட்டடத்துச் சன்னல்களும் திறந்தன. வரலாற்றின் புதிய ஏட்டைக் கண்ணாரக் காணத் தையற்காரம்மா நிமிர்த்திய கரண்டியோடு நின்றார். வக்கீல் வழக்கை மறந்து நின்றார். சம்பந்தி படியிலும், நம் தலைவர் சலவைச் சட்டையில் மாடியிலும், இரு குலத்துக்கும் ஒரே வாயாகிய மகள் வாயிற்கதவருகேயும், படை வரக் காத்திருக்கும் கோட்டைபோல் நின்றனர். பச்சைக் கலகத்தின் கடைசி நாள் இதுவே என்று செம்பருத்தி வேலியும் தலைகவிழ்ந்து நின்றது.

அன்றைக்கு விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டதால் அந்தம்மா வரவில்லை.